பத்துப் புள்ளியின் எடை: உயர்கல்வியும் விளையாட்டும்

‘விளையாட்டு’ என்னும் சொல் இன்று தமிழில் இருவேறு பொருளில் வழங்குகின்றது. உடலுரமும் திறமும் காட்டும் ஆட்டம் ஒன்று. பொருட்படுத்தத் தகாத செயல் மற்றொன்று. ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றும், ‘விளையாட்டாகச் சொன்னது’ என்றும் கூறுமிடத்துப் பின்னைய பொருளே நிற்கின்றது. பழந்தமிழர் கருத்து அஃதன்று. உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். உரியியலில் விளையாட்டுப் பொருள் தரும் உரிச்சொற்கள் இரண்டனையும் அவர் எடுத்துரைத்தார். ‘கெடவரல்’ என்பது அவற்றுள் ஒன்று. ‘பண்ணை’ என்பது மற்றொன்று. முன்னது வழக்கொழிந்தது. பின்னது இன்று உழவு நிலத்தின் பெயராக மட்டும் நிற்கின்றது. சொல்லளவில் ஒருங்கு நின்ற ஆட்டமும் உழைப்பும் வாழ்க்கையில் எவ்வளவு பிரிந்து போயின என்பதை அறிய விரும்புவார், மலேசியத் தோட்டப்புறங்களை நோக்குதல் வேண்டும்.

சிலாங்கூர் மாநிலத்தின் வடபுறத்தே, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அமைந்தது அசாம் ஜாவா. மலாய்மொழியில் அப்பெயருக்குப் புளி என்பது பொருள். அதனைச் சூழ்ந்து ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, ஜெராம், புக்கிட் ரோத்தான் முதலிய ஊர்களை ஒட்டிப் பரந்து கிடந்த பால்மரத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலங்கள் சிலவற்றில் வீட்டு மனைகள் வந்தன. 2011ஆம் ஆண்டு முதல் அசாம் ஜாவாவையும் டெம்பிளர் பூங்காப் பகுதியையும் இணைக்கும் விரைவுச்சாலை ஓடுகின்றது. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. மாநில அரசு 1999இல் நிறுவிய பல்கலைக்கழகம், இன்று சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு அவ்வூரில் வளாகம் கொண்டு விளங்குகின்றது. பல்கலைக்கழகம் தோட்டத்தின் அருகே வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்தின் அருகே சென்றுவிட்டதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அவ்வாராய்ச்சியில் விளையாட்டுக்கு என்ன இடம் என ஐயுறுவார் சிலர் இருக்கலாம். உண்மையில், மலேசியாவின் பொதுப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழையும் வாயிலிலேயே விளையாட்டு காவல் நிற்கின்றது.

வாயிற்கணக்கு

1988இல் வகுக்கப்பட்ட நாட்டின் கல்வித் தத்துவம், அறிவு, ஆன்மிகம், மனவுணர்ச்சி, உடல் ஆகிய நான்கும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்று விதித்தது. 2011ஆம் ஆண்டு ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தகுதி முறை அளவுகோலாயிற்று. இப்பொழுது வழங்கும் கணக்கின்படி, நூறு புள்ளிகளில் தொண்ணூறு தேர்வுக்கு உரியவை. எஞ்சிய பத்தும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியவை. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்னும் மூன்றிலும் மாணவர் காட்டிய ஈடுபாடு, வகித்த பொறுப்பு, எட்டிய நிலை ஆகியவற்றைக் கொண்டு அப்பத்துப் புள்ளி அளக்கப்படுகின்றது. பள்ளி, மாவட்டம், மாநிலம், நாடு எனப் படி உயர உயரப் புள்ளியும் உயரும்.

தொண்ணூறின் முன் பத்து சிறிதாகத் தோன்றும். அத்தோற்றம் மயக்கம் தருவது. எஸ்.டி.பி.எம். தேர்வில் தரப்புள்ளியின் சராசரி நான்கை உச்சமாகக் கொண்டது. நான்கு பாடங்கள் எழுதும் மாணவர் ஒருவர் ஒரு பாடத்தில் ஒரு படி உயர்ந்தால், எடுத்துக்காட்டாக 3.33 என்பது 3.67 ஆனால், சேர்க்கைக் கணக்கில் அவருக்குக் கிடைப்பது இரண்டு புள்ளிக்கும் குறைவே. இனி இரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். முதல்வர் நான்கு பாடத்திலும் 3.67 பெற்றவர், புறப்பாடத்தில் நான்கு புள்ளி பெற்றவர். இரண்டாமவர் இரு பாடத்தில் 3.67, இரு பாடத்தில் 3.33 பெற்றுச் சராசரி 3.50 கொண்டவர், புறப்பாடத்தில் ஒன்பது புள்ளி பெற்றவர். முதல்வருக்கு 82.58 உடன் நான்கு சேர்ந்து 86.58 ஆகும். இரண்டாமவருக்கு 78.75 உடன் ஒன்பது சேர்ந்து 87.75 ஆகும். இரு பாடங்களில் ஒவ்வொரு படி முந்தி நின்றவர் பின்னுக்குத் தள்ளப்படுகின்றார். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் இடங்கள் சில, விரும்புவோர் பலர். எல்லாரும் தேர்வில் நெருங்கி நிற்பர். நெருங்கி நிற்பாரைப் பிரித்துக் காட்டுவது தொண்ணூறு அன்று, பத்தே என்பது இக்கணக்கால் விளங்கும்.

இதனை அநீதி என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. இரண்டாமவர் உண்மையாகவே ஓடி, ஆடி, ஓர் அணியை நடத்தி, தோல்வியில் தளராது நின்று அவ்வொன்பதைப் பெற்றிருப்பின், அவர் முந்துவதில் நியாயம் உண்டு. நாற்பது பேரை நடத்தத் தெரிந்த பொறியாளரும், களைப்பிலும் நிதானம் இழவாத மருத்துவரும் நாட்டுக்குத் தேவை. எழுத்துத் தேர்வு இவற்றை அளப்பதில்லை. ஆகவே, புறப்பாடத்துக்குப் புள்ளி வழங்கலாமா என்பதன்று வினா. அப்பத்துப் புள்ளி ஆற்றலை அளக்கின்றதா, அன்றி வாய்ப்பை அளக்கின்றதா என்பதே வினா.

திடலும் சான்றிதழும்

தோட்டத்தில் விளையாட்டுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. விடியலில் பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டிப் பாலெடுத்து, நண்பகலுக்குப் பின் லயம் திரும்பிய இளைஞர் மாலையில் கூடுமிடம் திடலே. கால்பந்தும் சடுகுடுவும் கைப்பந்தும் அங்கே தழைத்தன. தீபாவளியை ஒட்டித் தோட்டத்துக்குத் தோட்டம் எழுவர் கால்பந்துப் போட்டி நடப்பதும், வென்ற அணியைத் தோளில் தூக்கி வருவதும் முதியோர் நினைவில் இன்றும் பசுமையாக உள்ளன. ஆயின் அத்திடலில் எழுந்த புகழ் திடலோடு நின்றது. அங்கே கிடைத்த வெற்றிக் கிண்ணம் தொழிற்சங்க மன்றத்து அலமாரியிலே இருந்திருக்கலாம். மாணவன் ஒருவனின் புறப்பாடப் பதிவேட்டிலே அது ஏறியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு மனைகளாக மாறியபோது முதலில் மறைந்தவற்றுள் அத்திடலும் ஒன்று. கோயிலுக்கும் பள்ளிக்கும் மாற்றிடம் கேட்டுப் போராடினோர் உண்டு. திடலுக்காகக் குரல் கொடுத்தோர் அருகியே காணப்பட்டனர்.

இன்றைய நிலை யாது? தோட்டத்தை ஒட்டி வாழும் மாணவர் இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் செல்கின்றார். ஆறாம் படிவம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லாமையின், அவர் மேலும் தொலைவு செல்ல நேர்கின்றது. புறப்பாட நடவடிக்கை வகுப்பு முடிந்த பின் நடப்பது. பள்ளிப் பேருந்தோ வகுப்பு முடிந்தவுடன் புறப்படுவது. மாலையில் தனியே அழைத்து வரத் தந்தைக்கு நேரமில்லை. வேறு வண்டி பிடிக்கக் கையில் பொருளில்லை. ஆறாம் படிவத்தின் ஒன்றரை ஆண்டுக் காலத்துக்குள் மூன்று பருவத் தேர்வு எழுதவேண்டிய மாணவர், பேருந்தா பந்தா என்று தேர்ந்து கொள்ள நேரும்போது பேருந்தையே தேர்கின்றார். அதன் விளைவு பதிவேட்டில் ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதப்படுகின்றது. உண்மையில் குறைந்தது ஈடுபாடன்று, ஊர்தியே.

மறுபுறத்தில், நகரத்து மாணவர் நீச்சற்குளமும் பயிற்றுநரும் கட்டணம் கொடுத்துப் பெறுகின்றார். அவர் மாவட்டப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றால் அதற்குச் சான்றிதழ் உண்டு. சான்றிதழுக்குப் புள்ளி உண்டு. அவர் பெற்றது தவறன்று. ஆனால் ஒரே அளவுகோலால் இருவரையும் அளந்து, இவர் உயர்ந்தவர், அவர் தாழ்ந்தவர் என்பது, மேட்டில் நிற்பவனையும் பள்ளத்தில் நிற்பவனையும் தலைமட்டம் பார்த்து உயரம் குறிப்பது போலாகும்.

இருவகைத் தவறுகள்

இக்குறையைக் கண்டு இருவேறு தீர்வுகள் சொல்லப்படுவதுண்டு. இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல.

முதலாவது, பத்துப் புள்ளியை நீக்கித் தேர்வையே முழு அளவாக்குக என்பது. இதனைச் சொல்வார் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடே சொல்கின்றனர். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்னும் பழைய அச்சம் அவர்தம் சொல்லின் அடியில் உள்ளது. இவ்வச்சத்துக்கு மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே மறுப்பு இருக்கின்றது. சிங்கப்பூரில் மருத்துவம் பயின்ற எம். ஜெகதீசன் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். தோக்கியோவில் 200 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதி வரை சென்றார். 1966இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் அவர் 20.92 விநாடியில் ஓடிய 200 மீட்டர் தேசியச் சாதனை 2017 வரை முறியடிக்கப்படாமல் நின்றது. அவர் மருத்துவரானார், மருத்துவ ஆய்விலும் நாட்டின் சுகாதாரத் துறையிலும் உயர்பதவிகள் வகித்தார். ‘பறக்கும் மருத்துவர்’ என்னும் பட்டப்பெயர் அவர்தம் இரு திறத்தையும் ஒருங்கு உணர்த்தும். அதே 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரராக அவரும், முதல் சிறந்த வீராங்கனையாக எம். இராஜாமணியும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓட்டத்தின் வேகம் உடற்கூற்றுத் தேர்வின் விடைத்தாளில் ஏறுவதில்லை. அறுவை மேசையில் கிடக்கும் நோயாளிக்கு வேண்டுவது மருத்துவரின் பதக்கமன்று, அறிவும் கைத்திறமுமே. இரண்டிடத்திலும் இரண்டின் முழு விலையையும் கொடுத்தார் என்பதாலேயே ஜெகதீசன் பெயர் எடுத்துக்காட்டாக நிற்கின்றது.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. விளையாட்டு வீரருக்குக் கல்வியில் சலுகை கொடுத்து விடுக என்பது அது. இவ்வழியின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்க நாட்டின் வரலாறு காட்டும். அங்கே பல்கலைக்கழகக் கால்பந்தும் கூடைப்பந்தும் பெரும் வணிகமாயின. புகழ்பெற்ற வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில், 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகள், ஒரு துறையில் ‘தாள் வகுப்புகள்’ நடந்தன. வகுப்பு கூடுவதில்லை, ஆசிரியர் பாடம் சொல்வதில்லை, ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. மூவாயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மாணவர் அவற்றில் பயன்பெற்றனர் என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர் என்றும் 2014இல் வெளிவந்த வெயின்ஸ்டைன் அறிக்கை கூறிற்று. ‘பயன்பெற்றனர்’ என்னும் சொல்லே பொருந்தாது. ஆடுகளத்தில் பல்கலைக்கழகத்துக்குப் புகழ் தேடித்தந்த இளைஞர், கல்வி என்னும் பெயரால் வெற்றுத்தாளைப் பெற்று வெளியேறினர். ஏமாற்றப்பட்டவர் அவர்களே.

இன்னொரு பல்கலைக்கழகம் மறு எல்லைக்குச் சென்றது. சிகாகோப் பல்கலைக்கழகத் தலைவர் இராபர்ட் ஹட்சின்ஸ் 1939இல் கால்பந்து அணியையே கலைத்துவிட்டார். கல்விக்கு அது இடையூறு என்பது அவர்தம் முடிபு. முப்பது ஆண்டுகள் கழித்து, 1969இல், ஆரவாரம் குறைந்த அளவில் அவ்வாட்டம் அங்கே மீண்டும் வந்தது. அடியோடு நீக்குதலும் நிலைக்கவில்லை. அளவின்றிப் பெருக்குதலும் நன்மை தரவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் 1954இல் உடன்பாடு செய்துகொண்டு, விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை கொடுப்பதில்லை என்னும் நெறியை மேற்கொண்டன. வீரரைச் சேர்க்கலாம், ஆனால் அவர்தம் கல்வித் தகுதி ஏனை மாணவரின் பொதுத் தரத்திலிருந்து வெகுவாகத் தாழக்கூடாது. அவ்வெட்டனுள் ஒன்றாகிய கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், கெடாவைச் சேர்ந்த சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரி. 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் அவர் தங்கம் வென்றார். தரத்தைத் தாழ்த்தாத கல்விக்கூடத்தில் பயின்றும் ஆசியாவின் முதலிடத்தை எட்டலாம் என்பதற்கு இது போதிய சான்று.

தரம் என்பது எங்கே நிற்பது?

இவற்றிலிருந்து ஒரு நெறி பெறப்படும். உயர்கல்வியில் மூன்று நிலைகள் உள்ளன: வாயில், காலம், பட்டம். வாயிலில் விளையாட்டுக்கு இடம் தரலாம்; ஏனெனில் அங்கே நோக்கப்படுவது மாணவர் இனி என்ன ஆவார் என்பது. காலத்தில் இடம் தருதலோ கட்டாயம், நாட்டுக்காக ஆடச் சென்றவருக்குத் தேர்வு நாளைத் தள்ளி வைத்தலும், விடுபட்ட பாடத்தைத் தனியே சொல்லித் தருதலும், மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டில் முடிக்க இசைதலும் சலுகை ஆகா, நீதியே ஆகும். பட்டத்தில் மட்டும் இடம் தருதல் ஆகாது. அங்கே நோக்கப்படுவது அவர் என்ன அறிந்தார் என்பது ஒன்றே. காலத்தைத் தாராளமாகக் கொடுத்து, தரத்தை ஓர் அணுவும் விட்டுக்கொடாதிருப்பதே பல்கலைக்கழகத்துக்கு அழகு. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கின்றது. காலத்தைக் கொடுக்கக் கையிறுகி, மதிப்பெண்ணைக் கொடுக்கக் கை நெகிழ்கின்றது.

வாயிலில் தரப்படும் இடமும் நேர்மையாக அளக்கப்படுதல் வேண்டும். எட்டிய உயரத்தை மட்டுமன்றிப் புறப்பட்ட இடத்தையும் அளவுகோல் காணவேண்டும். மாணவர் உறையும் இடத்துக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு, பள்ளியில் திடலும் பயிற்றுநரும் உண்டா என்பன பதிவேட்டில் ஒரு வரியாக இடம்பெறுதல் கடினமன்று. மாலைப் பயிற்சி நாளில் இரண்டாவது பேருந்து ஒன்று ஓடுவதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஊர்க்கழகங்கள் நடத்தும் போட்டிகள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் ஒப்புதலோடு நடக்குமாயின், தோட்டத்துத் திடலில் பெற்ற வெற்றியும் காகிதத்தில் ஏறும் வழி பிறக்கலாம்.

ஆசிரியர் கையில் உள்ளது

அரசும் பல்கலைக்கழகமும் செய்யவேண்டியன இவை. தமிழாசிரியர் செய்யக்கூடியனவும் உள்ளன. அவை காத்திருக்க வேண்டாதவை.

மாணவர் பலருக்குப் பத்துப் புள்ளி என ஒன்றுண்டு என்பதே காலங்கடந்து தெரிகின்றது. எஸ்.டி.பி.எம். முடிந்து விண்ணப்பம் நிரப்பும் நாளில் அறிந்து பயனில்லை. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டிலேயே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இதனை எடுத்துச் சொல்லவேண்டும். இடைநிலைப் பள்ளியில் தமிழ்மொழிக் கழகம் நடத்தும் ஆசிரியர், அதனைப் பெயரளவில் நடத்தாது, கூட்டக்குறிப்பும் பொறுப்பாளர் பட்டியலும் போட்டி முடிவும் ஒழுங்காகப் பதிவு செய்வாராயின், கழகப் பிரிவில் அம்மாணவருக்கு உரிய புள்ளி தவறாது சேரும். ஆசிரியர் எழுதாது விட்ட ஒரு வரியே ஒரு மாணவரின் இடத்தைப் பறித்துவிடும் என்பது மேலே கண்ட கணக்கால் புலனாகும்.

பெற்றோரிடம் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. ‘பந்து உதைத்தவன் எவனும் உருப்பட்டதில்லை’ என்று மகனைக் கடிவதும், ‘பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?’ என்று மகளைத் தடுப்பதும் இன்றும் கேட்கப்படும் சொற்கள். அவை அன்பினால் எழுவன. தாம் பட்ட பாடு பிள்ளைகள் படலாகாது என்னும் தவிப்பினால் எழுவன. அத்தவிப்பை இகழ்தல் தகாது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பதை அப்பெற்றோர் அறியாதவரல்லர். ஆட்டமும் படிப்பும் ஒன்றையொன்று உண்ணும் பகைகள் அல்ல, நேரத்தை ஒழுங்கு செய்தால் ஒன்றையொன்று தாங்கும் என்பதைக் காட்டவேண்டியவர் ஆசிரியரே. அதனோடு, பந்தை மட்டும் நம்பிப் பாடத்தைக் கைவிடும் இளைஞனிடம் எதிர்ப்புற உண்மையைச் சொல்லவேண்டியவரும் அவரே. கால் ஒருநாள் தளரும், கற்றது தளராது.

1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி இயக்கத்தைக் கோ. சாரங்கபாணி நடத்தியபோது, உழைத்து வாழ்ந்த எளிய மக்களும் தம் கூலியிலிருந்து வெள்ளி கொடுத்தனர். பல்கலைக்கழகத்தின் படியை ஒருநாளும் மிதித்திராதவர் அவர்களில் எத்துணைப் பேர்! தாம் ஏறாத படியில் தம் பேரப்பிள்ளை ஏறும் என்னும் நம்பிக்கையே அவ்வெள்ளியாக உருக்கொண்டது. அப்பேரப்பிள்ளைகளில் ஒருவர் இன்று அசாம் ஜாவாச் சந்தியில் மாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கின்றார். படிப்பில் அவர் குறைந்தவரல்லர், ஓட்டத்திலும் குறைந்தவரல்லர். அவர் பெறாது போகும் ஐந்து புள்ளி, அவருடைய சோம்பலின் கணக்கா, பிறர் செய்யாது விட்ட கடமையின் கணக்கா என்பதைக் கல்வியாளர் எண்ணிப் பார்ப்பாராக. தரத்தைத் தாழ்த்தி அவரை உள்ளே அழைக்குமாறு எவரும் கேட்கவில்லை. அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்குமாறே கேட்கப்படுகின்றது.